கல்வராயன்மலைப் பிள்ளைகளுக்குக் குருசடைத் தீவைக் காட்டுங்கள்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கள்ளக்குறிச்சி.

நகல்: பழங்குடியினர் நல இயக்குநரகம், சென்னை, வன உயிரினக் காப்பாளர் அலுவலகம், மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, இராமநாதபுரம்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்வராயன்மலையில் இருக்கும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிட மேல்நிலைப் பள்ளிகளிலும் வெள்ளிமலை ஏகலைவா பள்ளியிலும் பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்துப் படிக்கும் எல்லாப் பிள்ளைகளையும் ஆண்டுக்கு ஒருமுறை, தையிலோ மாசியிலோ, பாம்பனை ஒட்டியுள்ள குருசடைத் தீவுக்குக் கடல் உயிரினங்களைப் படிக்க அழைத்துப்போக வேண்டும். ஐந்து நாள் போதும். யாரோ ஒரு நல்ல ஆசிரியரின் தனி முயற்சியாக அதை விட்டுவிடாமல், மாவட்ட நிர்வாகத்தின் ஆண்டுத் திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

பதினோராம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் விலங்குலகம் என்றொரு பாடம் உண்டு. துளையுடலிகளில் தொடங்கும் அந்தப் பாடத்தில் பக்கத்துக்குப் பக்கம் கடல்தான். கடற்பஞ்சு, கடற்சாமந்தி, சொறிமீன், பவளம், நட்சத்திர மீன், கடல் அட்டை என்று வரிசையாக வரும். முட்தோலிகள் என்ற தொகுதியில் நன்னீரில் வாழும் உயிர் ஒன்றுகூடக் கிடையாது. அத்தனையும் கடலில் வாழ்பவை. அரைநாணிகளும் அப்படியே. இந்தப் பாடத்தைச் சென்னைப் பிள்ளையும் தூத்துக்குடிப் பிள்ளையும் கல்வராயன்மலையின் இன்னாட்டுப் பிள்ளையும் ஒரே தேர்வுக்குப் படிக்கிறார்கள். சென்னைப் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குப் போனால் நண்டு வளையையாவது பார்த்துவிட முடியும். கல்வராயன்மலையின் விடுதிப் பிள்ளைகளில் பலர் பள்ளிப் படிப்பு முடியும்வரை கடலையே பார்ப்பதில்லை. மலையிறங்கிக் கச்சிராயபாளையமும் கள்ளக்குறிச்சியும் போய்வருவதே அவர்களில் பலருக்கு ஒரு பயணம்.

ஆய்வகத்தில் மாதிரிகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் அந்தக் கண்ணாடிக் குப்பிகளை எடுத்துப் பாருங்கள். ஃபார்மலினில் ஊறி ஊறி நிறமெல்லாம் போய், பழுப்பும் வெளுப்புமாக, சீட்டில் எழுதிய பெயரும் மங்கிப்போய், எது கடற்பஞ்சு எது பவளம் என்று ஆசிரியரே சீட்டை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நட்சத்திர மீன் நகரும் என்று அந்தக் குப்பியைப் பார்த்து யாரும் நம்ப மாட்டார்கள். அரைநாணிகளுக்கு எடுத்துக்காட்டாகப் புத்தகம் தரும் பலனோகிளாசஸ் என்ற புழுவுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. அதன் உடலில் அயோடோஃபார்ம் வாடை அடிக்கும், பழைய மருத்துவமனைகளில் காயம் கட்டும் அறையில் வருமே, அந்த வாடை. குப்பிக்குள் இருப்பதில் ஃபார்மலின் வாடை தவிர வேறெதுவும் வராது. இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தே மரத்தின் பேர் சொல்லும் பிள்ளைகள் இவர்கள். கடுக்காய் மரத்தையும் காட்டு நெல்லியையும் கொழுந்தை வைத்தே பிரித்துச் சொல்வார்கள். மூக்கும் கண்ணும் விரலும் இவ்வளவு தேர்ந்த பிள்ளைகளுக்கு நாம் உயிரியலைச் செத்த மாதிரிகளை வைத்து நடத்திக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஏன் குறிப்பாகக் குருசடை? தமிழ்நாட்டில் விலங்கியல் படித்த முந்தைய தலைமுறையிடம் கேட்டுப் பாருங்கள், பேர் கேட்டதுமே முகம் மலரும். சென்னை மாகாண மீன்வளத் துறை அந்தச் சிறு தீவில் ஓர் உயிரியல் நிலையம் வைத்திருந்தது. இந்தியாவெங்கும் கல்லூரிகளின் ஆய்வக அலமாரிகளுக்குக் கடல் உயிர்களின் மாதிரிகள் அங்கிருந்து போயின. 1927இல் சென்னை அரசு அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனித்தொகுதியே வெளியிட்டது. அப்போது அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லியின் தலைமையில் நடந்த வேலை அது. உலகப் புகழ் பெற்ற ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டை ஆராய யோங் என்பவரின் தலைமையில் பிரிட்டிஷ் குழு லோ தீவுகளுக்குப் போனது 1928இல். அதற்கு ஓராண்டு முன்பே நம் குருசடையின் உயிர்ப்பட்டியல் அச்சாகிவிட்டது. பவளத்தீவு ஒன்றை உட்கார்ந்து படிப்பது எப்படி என்பதில் நாம் யாருக்கும் பின்னால் நின்றவர்கள் இல்லை.

அதன்பின் எத்தனையோ கல்லூரிகளின் இளங்கலை, முதுகலை மாணவர்கள் பேருந்திலும் ரயிலிலும் மண்டபம் வந்து, படகேறிக் குருசடைக்குப் போனார்கள். விலங்கியல் துறை என்றால் ஆண்டுக்கொரு மண்டபம் பயணம் என்பது எழுதாத விதியாக இருந்தது. அப்படிப் போனவர்களில் பலர் பின்னாளில் பேராசிரியர்களாகவும் மீன்வள அதிகாரிகளாகவும் ஆனார்கள். அந்த வரிசையில் மலைப் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? கல்வராயன்மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சி ஒழிந்து மலை முழுவதும் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்ததே 1976இல்தான். குருசடைத் தொகுதி வெளிவந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று தலைமுறையாகக் கிடைத்துவந்த ஒன்றை இவர்களுக்கு இப்போதாவது தொடங்கிவைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

மலைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் நம் மாவட்டத்தின் வரைபடத்திலேயே இருக்கிறது. கல்வராயன்மலையில் பிறக்கும் கோமுகி ஆறு மலையடிவாரத்தில் 46 அடி உயர அணையில் தேங்கி, கள்ளக்குறிச்சியைத் தொட்டு ஓடி, மணிமுக்தா ஆற்றில் சேர்கிறது. மணிமுத்தாறு என்று விருத்தாசலத்துக்காரர்கள் சொல்லும் அந்த ஆறு பழமலைநாதர் கோயிலை ஒட்டிப் போய், கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. ஊரின் பேரிலேயே அந்தக் கூடல் இருக்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் விழுகிறது. மேகம் அருவியிலும் பெரியார் அருவியிலும் விழும் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தங்கள் மலையின் நீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதை யாரும் நேரில் காட்டியதில்லை.

ஆகவே நேராகப் பாம்பனுக்குப் பேருந்தை விட வேண்டாம் என்பது என் யோசனை. முதல் நாள் ஆற்றின் வழியே போகட்டும். காலையில் கோமுகி அணையில் நின்று நீரைத் தொட்டுப் பார்க்கட்டும். அணையின் நீர் எவ்வளவு தெளிவு, அதில் என்னென்ன மீன், கரையில் என்ன செடி என்று குறிப்பேட்டில் எழுதட்டும். மதியம் கூடலையாற்றூரில் அதையே மறுபடியும் எழுதட்டும். மாலையில் பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் மூன்றாவது முறை எழுதும்போது தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும், நீர் மட்டம் ஓதத்தோடு ஏறி இறங்கும், கரையில் நண்டுகள் ஓடும். ஒரே நாளில், தங்கள் கையெழுத்திலேயே, ஓர் ஆறு கடலாவதை அவர்கள் பார்த்துவிடுவார்கள். விலாங்கு மீன் பிறப்பது கடலில்; குஞ்சாக ஆறேறி வந்து நன்னீரில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பிப் போகும். வழியில் அணையும் தடுப்பணையும் இருந்தால் அந்த மீன் என்ன செய்யும் என்ற கேள்வி அங்கேயே, அந்தக் கரையிலேயே, யாராவது ஒரு பிள்ளை கேட்கும்.

கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆளும் இருக்கிறார்கள். வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பேராசிரியர் சேஷய்யா வித்திட்ட அந்த நிலையத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த முகத்துவாரத்தின் உயிர்களைப் படித்துவருகிறார்கள். கல்வராயன்மலையில் பெய்யும் மழை எந்தக் கரையில் கடலைத் தொடுகிறதோ, அதே கரையில் நாட்டின் முக்கியமான கடல் உயிரியல் மையங்களில் ஒன்று. கள்ளக்குறிச்சியிலிருந்து 120 கிலோமீட்டர் தொலைவு இருக்கலாம். பக்கத்திலேயே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம் அலையாத்திக் காடு. ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். மலைக்காட்டில் வளர்ந்தவர்கள் உப்புநீரில் நிற்கும் ஒரு காட்டைப் பார்க்கட்டும். மண்ணுக்கு மேலே மூச்சுவிடும் வேர்களை அவர்கள் கேள்விகேட்காமல் தாண்டிப்போக மாட்டார்கள்.

இரண்டாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும் வழியில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் வரும். அங்குள்ள மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசுவுக்காக 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக அறிவித்தார்களே, அந்தக் கடல். இறங்கிப் பார்த்தால் ஆவுளியா தெரியாது. ஆனால் அது மேயும் கடற்புல் கரையில் ஒதுங்கிக் கிடக்கும். அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. 1947 பிப்ரவரி 3ஆம் தேதி தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு 1971 வரை மண்டபம்தான் தலைமையிடம். அந்த வளாகத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களைத் தடுத்து நிறுத்தி நோய்ப் பரிசோதனை செய்த முகாம் அது. மண்டபம் கேம்ப் என்ற பேர் அதிலிருந்து வந்தது. கடல் உயிரியலைப் பார்க்க வரும் பிள்ளைகள் அந்தக் கதையையும் கேட்டுக்கொண்டு போகட்டும். பஞ்சம் பிழைக்கப் போன ஏழைகள் வரிசையில் நின்ற இடத்தில் இன்று ஏழைப் பிள்ளைகள் குறிப்பேட்டோடு நிற்பது நல்லதுதானே.

இனி தீவு. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது; பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அவற்றில் மண்டபம் பகுதித் தீவுகளுள் ஒன்று குருசடை. விவேகானந்தர் 1897 ஜனவரி 26ஆம் தேதி கரையிறங்கிய குந்துகாலிலிருந்து பார்த்தாலே தெரியும். அங்கிருந்து வனத்துறை படகு விடுகிறது. படகில் போய் இறங்கி, சுற்றிப்பார்த்து, படம் எடுத்துத் திரும்புவதற்கு ஒரு வேளை போதும். நான் கேட்பது அந்தப் பயணம் அல்ல.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும். தீவின் கரையோரத் திட்டு அப்போது கணுக்காலிலிருந்து முழங்கால்வரை தண்ணீரோடு வெளியே தெரியும். அந்த வற்றத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் பரப்பைக் கயிற்றால் அளந்து கொடுக்க வேண்டும். அந்த ஒரு சதுர மீட்டரில் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒரு மணி நேரம் குனிந்து பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. வெறும் மணல், கல், பாசி. பிறகு கல் என்று நினைத்தது மெல்ல நகரும், அது சங்கைச் சுமந்த நண்டு. கறுப்பாக, முதுகெல்லாம் மணல் ஒட்டிக் கிடப்பது கடல் அட்டை. ஒரு பக்கம் மணலைத் தின்று மறுபக்கம் மணலையே கழிக்கும். மலைப் பிள்ளைக்கு அதை விளக்கவே வேண்டாம். சாமை விதைத்த காட்டில் மண்புழு செய்வதைக் கடலடியில் இது செய்கிறது என்று தானே சொல்லிவிடும். மணலில் சுருள் சுருளாகக் குவிந்து கிடப்பவை புதைந்து வாழும் புழுக்கள் தள்ளிய மண். அவற்றில் பலனோகிளாசஸ் தள்ளியதும் இருக்கலாம். அரைநாணிகளுள் ஒன்று வாழும் இடமாகக் குருசடை விலங்கியல் நூல்களில் பேர் பெற்றது. கல்லின் அடியில் கடல் முள்ளெலி; உற்றுப் பார்த்தால் முட்களுக்கு நடுவே நூல்போன்ற குழாய்க்கால்கள் ஆடுவது தெரியும். புத்தகத்தில் முட்தோலிகளுக்குக் குழாய்க்கால் உண்டு என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த வரியை அதற்குப்பின் எந்தப் பிள்ளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பவளத்தையும் அவர்கள் இப்போதே பார்க்க வேண்டும். இந்த வளைகுடாவில் 117 வகைப் பவளங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பவள உயிரியின் உடலுக்குள் நுண்பாசி வாழ்கிறது. நிறத்தையும் உணவில் பெரும்பங்கையும் கொடுப்பது அதுதான். கடல் சூடேறினால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளிறிவிடும். 2010இலும் 2016இலும் 2024இலும் கோடையில் அப்படி வெளிறியது. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை ஒரு காலத்தில் வெட்டி எடுத்ததும் சேர்ந்து, பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிப் பக்கம் காரைச்சல்லி ஆண்டுக்காண்டு சுருங்கிவருகிறது. 21 தீவுகள் என்று தேர்வில் எழுதும் பிள்ளைகள் கடலில் அத்தனையும் இன்று இல்லை என்பதைக் கரையில் நின்று தெரிந்துகொள்ளட்டும்.

இந்தப் பயணத்தில் பேராசிரியர்களைவிட நான் அதிகம் எதிர்பார்க்கும் ஆசிரியர்கள் வேறு. பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் அவர்கள். விரல்களில் துணிச்சுருள் சுற்றி, சேலைக்கு மேல் சட்டை போட்டு, காலில் ரப்பர் செருப்போடு, கண்ணாடி மாட்டி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுப்பார்கள். எந்தப் பாறையில் எந்தப் பாசி எந்த மாதத்தில் வளரும் என்பது அவர்களுக்கு அத்துபடி. தீவுகள் தேசியப் பூங்கா ஆனபோது அவர்களின் பிழைப்பு கேள்விக்குள்ளானது. மாதத்தில் குறிப்பிட்ட நாட்களே பாசி எடுப்பது, பவளத்தைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடாமல் இருப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களின் தலைவி லட்சுமி மூர்த்திக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு 2015இல் பரிசளித்தது.

காப்புக்காட்டின் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் கடுக்காயுமாக வாழும் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பெண்களின் கதையில் புரியாதது எதுவும் இருக்காது. காட்டிலிருந்து பொருள் சேகரிக்கும் தாய்க்கும் கடலிலிருந்து பாசி எடுக்கும் தாய்க்கும் ஒரே வனத்துறைதான் அதிகாரி. அனுமதியும் அபராதமும் ஒரே மாதிரிதான். பாதுகாப்பு என்ற சொல் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு என்னவாக இருக்கிறது என்பதை இந்த இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசினால் அதைவிடப் பெரிய சூழலியல் வகுப்பு எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு ஒருநாள் மதிப்பூதியம் கொடுத்து, கருத்தாளர் என்று சான்றிதழில் பேர் போட்டுக் கூப்பிடுங்கள்.

உங்கள் அலுவலகத்தில் முதலில் எழும் கேள்வி பாதுகாப்பாகத்தான் இருக்கும். அது நியாயமான கேள்வி. பிள்ளைகளைப் படகில் ஏற்றுவது என்றால் கையெழுத்துப் போடும் எவருக்கும் கை நடுங்கும். ஆனால் பயம் வரும்போது பயணத்தையே ரத்து செய்வது நம் அலுவலகங்களில் சுலபமான முடிவாகிவிட்டது. கடலை அறிந்தவர்கள் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். பாம்பன்காரர்கள் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் கொந்தளிக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். தையும் மாசியும்தான் காற்று அடங்கி நீர் தெளிந்திருக்கும் காலம். அந்த மாதங்களுக்குள் அமாவாசை அல்லது பௌர்ணமியைப் பார்த்துத் தேதி குறித்தால் பாதி ஆபத்து அங்கேயே விலகிவிடும். பள்ளி வசதிக்கோ நிதியாண்டு முடிவதற்கோ தேதி குறிக்கக் கூடாது. வற்றம் எப்போது என்று கேட்டுத்தான் குறிக்க வேண்டும்.

மீதிப் பாதி சின்னச் சின்ன விஷயங்கள். உயிர்காப்பு மேலாடை எல்லாருக்கும் அவரவர் அளவில். பவளத் திட்டில் வெறுங்காலோடு நடந்தால் கால் கிழியும், சாதாரண ரப்பர் செருப்பு மணலில் கழன்றுகொள்ளும். ஆகவே பட்டை வைத்த காலணி ஒவ்வொரு பிள்ளைக்கும் வாங்கித்தர வேண்டும். விடுதிப் பிள்ளைகளிடம் அது இருக்காது, இதைத் தயவுசெய்து பட்டியலில் முதலில் எழுதுங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்துவிடாமல் காலை இழுத்து இழுத்து நடக்க, இறங்கும் முன்பே கற்றுத்தர வேண்டும். பெண் பிள்ளைகளோடு போதுமான ஆசிரியைகள், தங்குமிடத்தில் ஒழுங்கான கழிப்பறை, மாதவிடாய் நாளில் இருக்கும் பிள்ளை நீரில் இறங்க வேண்டாம் என்றால் கரையில் செய்ய அதற்கும் ஒரு வேலை. இவை இல்லாததால்தான் பெற்றோர் பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறார்கள், கடலுக்குப் பயந்து அல்ல.

பூங்காவின் சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு போன மாணவர்கள் வாளியும் குப்பியும் கொண்டுபோய் உயிர்களைப் பிடித்துவந்தார்கள். அந்தக் காலம் முடிந்தது, முடிந்ததும் நல்லதே. பவளம், கடல் அட்டை, கடற்குதிரை ஆகியவை 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. இந்தப் பிள்ளைகள் எதையும் எடுத்துவர வேண்டாம், ஒரு சிப்பியைக்கூட. குறிப்பேடும் பென்சிலும் போதும். தீவுக்குள் ஆய்வுக்காக இறங்கவும் திட்டில் வழிகாட்டியோடு நடக்கவும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டியிருக்கும். அந்தக் கடிதம் ஒரு தலைமையாசிரியரிடமிருந்து போவதற்கும் ஓர் ஆட்சியரிடமிருந்து போவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பணம்? ஒரு பேருந்து, ஐந்து நாள் சாப்பாடு, தங்குமிடம், படகு. மாவட்டத்தின் கணக்கில் இது பெரிய தொகையே அல்ல. பழங்குடியினர் மேம்பாட்டுக்காகத் 'தொல்குடி' திட்டத்தில் 1,000 கோடி ரூபாய் என்று அரசு 2024 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. மலையில் ஒரு பழங்குடிப் பிள்ளை உயிரியலை உருப்படியாகக் கற்பதும் மேம்பாடுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இத்தகைய பயணங்களுக்கு வழக்கமாகப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள்: அதிக மதிப்பெண் எடுத்தவர்கள், வினாடி வினாவில் வென்றவர்கள். பயணம் அப்போது பரிசாகிவிடுகிறது. யாருக்குப் பாடம் புரியவில்லையோ அவர்தான் முதலில் போக வேண்டியவர். வகுப்பில் நாற்பது பேர் என்றால் நாற்பது பேரும் போகட்டும். செய்முறை வகுப்புக்கு முதல் மதிப்பெண்காரரை மட்டும் யாரும் அழைப்பதில்லையே.

அரசு அலுவலகத்துக்கு எழுதுவதால் இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறேன். கல்வராயன்மலை என்றால் வெளியூர்க்காரர்களின் நினைவுக்கு வருவது சாராய ஊறல் அழிப்புச் செய்திதான். 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு அந்த முத்திரை இன்னும் அழுத்தமாக விழுந்தது. அடுத்த மாதமே சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதன்பின் சாலை, மருத்துவமனை, பள்ளி என்று பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சு வேண்டும், சாலைதான் முதலில் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மலைப் பிள்ளைக்குச் சோறும் கட்டிலும் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நிற்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் ஹெரான் தீவில் பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வு நிலையத்தில் பள்ளி மாணவர்களே வந்து தங்கிப் பவளத்திட்டைப் படித்துப் போகிறார்கள். அங்கே ஒரு பள்ளிப் பிள்ளைக்கு இயல்பாகக் கிடைப்பதை, நூறாண்டு ஆய்வு மரபுள்ள தீவை வைத்துக்கொண்டிருக்கும் நாம் நம் பிள்ளைக்குத் தர முடியாதா?

திரும்பி வந்ததும் அவர்கள் எழுதிய குறிப்பேடுகளைத் திருத்தி, தொகுத்து, பள்ளி நூலகத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுப் போகட்டும். போன முறை இருந்தது இந்த முறை இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஐந்தாறு ஆண்டில் அது ஓர் ஆவணமாகிவிடும். முடிந்தால் பாம்பன் மீனவர் பிள்ளைகளையும் ஒருமுறை மழைக்குப் பிறகு மலைக்கு அழைத்துவாருங்கள். ஆறு எங்கே தொடங்குகிறது என்பதை அவர்களும் பார்த்ததில்லை.

வேலை இப்போதே தொடங்க வேண்டியது. தை, மாசி வற்றத்துக்குப் போக வேண்டுமென்றால் ஐப்பசிக்குள் பிள்ளைகளின் பட்டியல் தயாராக வேண்டும், கார்த்திகைக்குள் வனத்துறையின் அனுமதியும் பரங்கிப்பேட்டை மையத்தின் இசைவும் கைக்கு வர வேண்டும், மார்கழியில் காலணிகள் வாங்கி அளவு பார்க்க வேண்டும். வெள்ளிமலையில் இருக்கும் ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்ட அலுவலகத்துக்கும் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் இந்தக் கல்வியாண்டிலேயே ஓர் உத்தரவு போடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
கள்ளக்குறிச்சி மாவட்டத்து வாசகர்கள் சார்பில்,
ஆசிரியர்